பெட்டியின் அடிப் பேப்பர்

அந்தப் பயிற்சியாளரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், கோவளத்தில் நான் வேலை பார்த்த ஓட்டலுக்குப் பம்பாயிலிருந்து வந்தார். ஊழியர்கள் எட்டுப் பேருக்கு ஒயின் சுவைக்கக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. முடிவில் ஒரு தேர்வு. தேறுகிற ஒருவருக்கு ஒயின் கவுண்டரின் பொறுப்பு, மற்றவர்கள் பழையபடி மேசை மேசையாகத் தண்ணீர் ஊற்றலாம். இரண்டு வருஷம் ஊற்றியாகிவிட்டது. அந்த இடம் எனக்கு வேண்டும்.

வீட்டில் ரிசப்ஷனில் இருப்பதாகச் சொல்லியிருந்தேன். ஆரியசாலைக் கடைத்தெருவில் அப்பாவுக்குத் திராட்சை மொத்தக் கடை. கம்பத்திலிருந்து பலகைப் பெட்டிகளில் பன்னீர்த் திராட்சை வரும், அடியில் செய்தித்தாள் விரித்து. பெற்ற மகள் ஒயினை வாயில் கொப்பளித்து வாளியில் துப்பிச் சம்பளம் வாங்குகிறாள் என்று தெரிந்திருந்தால் கடையையே இழுத்து மூடியிருப்பார்.

பயிற்சியாளர் ஒரு காகிதம் கொடுத்தார், முழுக்கச் சொற்கள். ஒயினுக்கு மூக்கு உண்டாம், உடம்பு உண்டாம், கோப்பையின் உள்பக்கம் வழிவது கால்களாம். பெண் பார்க்க வந்தவர்கள் பேசுவதுபோல இருந்தது. கேபர்னே ஒயின் என்றால் பிளாக்கரண்ட் பழமும் தேவதாரு மரமும் மணக்க வேண்டும், ஷார்டனே என்றால் வெண்ணெய். பிளாக்கரண்டை நாங்கள் எட்டுப் பேரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவர் பார்த்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். மெர்லோ ஒயினை முகர்ந்து நாவல்பழம் என்றேன். காகிதத்தில் நாவல்பழம் இல்லை என்றார். காகிதத்தில் இல்லாதது மூக்கிலும் இருக்கக் கூடாது, அதுதான் அவருடைய படிப்பு. பன்னீர்த் திராட்சையைப் பற்றிக் கேட்டேன். அது தின்கிற பழம், அதில் என்ன ஒயின் என்று கையை வீசினார். எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சோறு வெந்தது அந்தப் பழத்தால்தான்.

தேர்வன்று மானேஜரும் வந்து உட்கார்ந்தார். தேர்வுக்குத் திறந்தது, ஓட்டல் முதலாளியே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கேபர்னே பாட்டில். எனக்கு முன்னால் ஒரு கோட்டயத்துக்காரன், பிளாக்கரண்ட், தேவதாரு, ஈரமண் என்று காகிதத்தை அப்படியே ஒப்பித்தான். பயிற்சியாளர் தலையாட்டினார். அடுத்து நான். கோப்பைக்குள் மூக்கை விட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மழையில் நனைந்த லோடு வந்தால், பெட்டியின் அடியிலிருக்கும் செய்தித்தாள் பூஞ்சை பிடித்து ஒரு நாற்றம் எடுக்கும். அதே நாற்றம். ஒப்பித்தால் இடம் கிடைக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் நாற்றத்தை மணம் என்று சொல்ல வாய் வரவில்லை.

“சார், இது கெட்டுப்போயிருக்கிறது. திராட்சைப் பெட்டியின் அடியில் பூஞ்சை பிடித்த பேப்பர் நாற்றம்” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

குரங்குக்கு என்ன தெரியும் இஞ்சியின் ருசி என்று பயிற்சியாளர் இந்தியில் ஏதோ பழமொழி சொல்லிவிட்டு, மானேஜருக்கு அதை மொழிபெயர்த்தும் காட்டினார். பிறகு என் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார். ஒரே ஒரு நொடி அவர் முகம் இஞ்சி தின்ற குரங்காகத்தான் ஆனது. நான் பார்த்தேன். அத்தனை நாளும் ஒவ்வொரு வாயையும் துப்பிய மனிதர், அந்த வாயை மட்டும் விழுங்கினார். பிரமாதம் என்றார். முதலாளியின் பாட்டில் ஆயிற்றே.

கவுண்டர் கோட்டயத்துக்காரனுக்குப் போனது. நான் தண்ணீர்க் கூஜாவைத் தூக்கினேன்.

மறு வருஷம் புதிய ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க அதே மனிதர் திரும்பவும் வந்தார். இந்தத் தடவை காகிதம் புத்தகமாகியிருந்தது, அட்டையில் அவர் பெயர். பேன்ட்ரியில் கிடந்த ஒன்றைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் கெட்ட ஒயினின் அடையாளங்கள். முதல் வரி: திராட்சைப் பெட்டியின் அடியில் பூஞ்சை பிடித்த பேப்பர் நாற்றம். என் வாயிலிருந்து வந்த சொல், ஓர் எழுத்து மாறாமல்.

நெய்யாற்றின்கரையிலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, நாப்கின் மடித்துக்கொண்டே அந்த வரியை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

“அக்கா, இந்தப் பெட்டிப் பேப்பர் மணம் எப்படியாக்கும் இருக்கும்? நாளைக்கு சார் சோதிப்பாரு” என்றாள்.

ஆரியசாலைக்குக் கூட்டிப்போயிருந்தால் ஐந்து நிமிஷத்தில் காட்டியிருக்கலாம். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவள் இல்லை. இருந்தும் மனசு வரவில்லை.

“எனக்கென்ன தெரியும்? எழுதினவரைப் போய்க் கேளு” என்றேன்.

போனாள். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் தெளிந்து திரும்பி வந்தாள்.

“பிரான்சுல திராட்சைப் பெட்டிக்கு அடியில பேப்பர் விரிப்பாங்களாம் அக்கா. மழை பெஞ்சா அது நாறுமாம்” என்று எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.