மொட்டைமாடியில் ஹைட்ரஜன்

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி மாணவன். பாறசாலையிலிருந்து தினமும் ரயிலில் போவேன். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அக்காவும் அதே ரயிலில்தான் வருவாள். ஒருநாள், அப்படி என்னதான் ஆராய்ச்சி என்று கேட்டாள். டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொடி. ஒரு துகளைத் தனியாகக் கண்ணால் பார்க்கவே முடியாத அளவுக்கு நுண்மையானது. மேலே துளி பிளாட்டினம் ஏற்றியது. தண்ணீரில் கலந்து வெளிச்சத்தில் வைத்தால் ஹைட்ரஜன் வரும், அது எரியும் என்றேன்.

"வீட்டுக்கு கேஸ் கனெக்‌ஷன் கேட்டு எழுதிப் போட்டு ரெண்டு வருசமாச்சு மக்கா. ஏஜென்சிக்காரன் முந்துவானா, நீ முந்துவியா?"

பெட்டியில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

அந்தக் கோடையில் ஆய்வக விளக்கு பழுதாகிவிட்டது. சூரியன் இருக்கிறதே என்று பொடியையும் குடுவையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஞாயிறு காலை மொட்டைமாடியில் வைத்தேன். குடுவையிலிருந்து ரப்பர் குழாய். அதன் நுனி, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த சோதனைக்குழாய்க்குள். பத்து மணிக்கு ஒரு குமிழி எழும்பியது. பின்னாலேயே இன்னொன்று. ஊரைக் கூட்டாத குறையாகக் கத்தினேன்.

நான் சாப்பிட்டுவிட்டு ஏறி வந்தபோது என் குடுவைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்குவாஷ் பாட்டில் இருந்தது. உள்ளே வெறும் கிணற்றுத் தண்ணீர். என்னிடம் மிச்சமிருந்த குழாயையே அதில் செருகி, மறுநுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டு, அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எலே, எனக்க வெள்ளத்திலயும் கேஸ் உண்டு. பொடியே வேண்டாமாக்கும்!"

பார்த்தேன். அதிலும் குமிழி வந்தது. கோபத்தில் என் சோதனைக்குழாயை எடுத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். ஹைட்ரஜனாக இருந்தால் 'பட்'டென்று வெடித்திருக்கும். குச்சி நிதானமாக எரிந்து என் விரலைச் சுட்டது. வந்ததெல்லாம் சூட்டில் வெளியேறிய வெறும் காற்று. பொடியில்லாத குடுவை ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும் என்பது ஆய்வகத்தில் நான் ஒருநாளும் தவறவிடாத பாடம். வீட்டு வெயிலைக் கண்டதும் மறந்துபோயிருக்கிறேன். கேலிக்காக அக்கா அதைச் செய்துவைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காற்றை விரட்டி, ஆறியபின் ஹைட்ரஜன் எளிதில் வருவதற்காகக் கொஞ்சம் மெத்தனால் சேர்த்து, இரண்டு குடுவைகளில் இறுக அடைத்து வெயிலில் வைத்தேன். ஒன்றில் மட்டும் பொடி. பொடியில்லாதது தன்னுடையது என்று அக்கா உரிமை கொண்டாடினாள். மறுநாள் ரயிலில் நெய்யாற்றின்கரை வரை அதை மடியில் வைத்துக்கொண்டும் வந்தாள்.

ஆய்வகத்தில் இரண்டிலிருந்தும் வாயுவை ஊசியால் எடுத்து, எந்த வாயு என்று தாளில் வரைந்து காட்டும் இயந்திரத்தில் செலுத்தினேன். அவளுடையதற்குத் தாளில் கோடு நேராகப் போயிற்று. என்னுடையதில், ஹைட்ரஜன் வரவேண்டிய இடத்தில், ஒரு சின்ன மேடு.

சாயங்கால ரயிலில் தாளைக் காட்டினேன்.

"இந்தக் குறுணிக்கா இந்தப் பாடு? எனக்கதில ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணுமே இல்லைக்கா. அது நல்லதாக்கும். அப்பதான் இது பொடியால வந்ததுன்னு சொல்ல முடியும்."

அவள் முகம் சற்று வாடியது. "நான் தோத்துட்டேன்னு மட்டும் எழுதிப் போடாத, என்னா?" என்றாள்.