பாசி பிடிக்காத டிரம்

மதுரையில் ஒரு நாளிதழின் மொழிபெயர்ப்பு மேசையில் வேலை பார்க்கிறேன். கடலில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் துளை போடும் மேடைகள் பற்றிய செய்தி வந்தால் அது என் பக்கம்தான் தள்ளப்படும். பக்கத்து மேசைக்காரர் அந்தச் சொற்களைப் பார்த்ததுமே டீ குடிக்க எழுந்துவிடுவார். அதனால் எனக்குச் சில விஷயங்கள் தெரியும். கப்பல்களுக்கு நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட உடன்படிக்கை மாதிரி, இந்த மேடைகளுக்கென்று உலகம் முழுவதற்கும் பொதுவான ஒன்று இல்லை. சில கடல்களுக்கு உண்டு, பலவற்றுக்கு இல்லை. ஆனால் ஒரு விதி கப்பலுக்கும் மேடைக்கும் பொது: பிளாஸ்டிக் எதையும் கடலில் போடக் கூடாது, கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அந்த வாக்கியத்தைப் பலமுறை தமிழில் எழுதியிருக்கிறேன். ஆங்கிலச் செய்தி பெரும்பாலும் கரையோடு முடிந்துவிடும்.

போன வைகாசியில் தங்கை வீட்டுக்குப் போனேன். பரளச்சிக்குப் பக்கத்துக் கிராமம். அருப்புக்கோட்டையில் பஸ் மாறிய பிறகு ஜன்னலுக்கு வெளியே கருவேலமும் தரிசும் தவிர வேறில்லை. கண்மாய்க்குள் ஆடுகள் மேய்ந்தன.

தெருவில் நுழைந்ததும் ஒன்று கண்ணில் பட்டது. எல்லா வீட்டு வாசலிலும் ஒரே மாதிரி நீலப் பிளாஸ்டிக் டிரம். ஆள் இடுப்புக்கு மேல் உயரம். அந்தத் தெருவுக்குக் கூட்டுக் குடிநீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. முந்தின நாள்தான் வந்திருந்தது. எல்லா டிரம்களும் விளிம்பு வரை நிறைந்திருந்தன.

தங்கை சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்தபடி வாசல் டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை சிரித்தார். அவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார்.

"என்ன மச்சான், டிரம்மையே பாக்குறீக? மதுரையில இல்லாத டிரம்மா?"

"எங்க வாங்குனீங்க மாப்ள?"

"வடக்க ஒரு ஹார்பருக்கு லோடு கொண்டுபோனேன். ரிட்டனுக்குச் சும்மா வரக் கூடாதேன்னு பழைய சாமான் கடையில அள்ளிப் போட்டு வந்தேன். தெருவுக்கே நான்தான் குடுத்தேன், லாபம் வைக்கல. மீன் மார்க்கு. பாசி புடிக்காது, புழு விழாது. கொசு மருந்துக்காரவுக டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு, தெருன்னா இதுதான் தெருன்னு சொல்லிட்டுப் போனாக."

"வந்த புதுசுல லேசாக் கசந்துச்சுண்ணே," என்றாள் தங்கை. "இப்பத் தெரியல."

சொம்பைக் கீழே வைத்துவிட்டு டிரம்மிடம் போனேன். மூடியைத் திறந்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வைகாசி வெயிலில் வாசலில் நிற்கும் டிரம்மின் உள்சுவரில் விரலை ஓட்டிப் பார்த்தேன். துளி வழுக்கல் இல்லை. பச்சை இல்லை. ஒரு கொசுப்புழு நெளியவில்லை.

வெளிப்புறம் பாதி உரிந்த லேபிள் இருந்தது. ஆங்கிலத்தில் மிஞ்சியிருந்த வரிகளைப் படித்தேன். கடலில் துளை போடும்போது உள்ளே செலுத்தும் சேற்றுக் கலவையில் சேர்ப்பது. கிருமிகளைக் கொல்வதற்கு. நீர்நிலைகளில் கலக்கவிடக் கூடாது. பக்கத்தில் சிவப்புக் கட்டம், அதற்குள் ஒரு மரம், ஒரு மீன். எந்த மொழிக்காரனும் படிக்காமலே புரிந்துகொள்ள வேண்டும் என்று உலக அளவில் பேசி வைத்த அடையாளம் அது.

மாப்பிள்ளையிடம் காட்டினேன்.

"மீனும் மரமும். தண்ணி டிரம்முன்னுதான போட்ருக்கான்?"

"மீன் வயிறு மேல இருக்கு மாப்ள. செத்த மீன்."

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். நிமிர்ந்து மறுபடி பார்த்தார்.

"மரத்துல இலை இல்ல பாருங்க. அதுவும் செத்த மரம்."

"நம்மூரு மரம் அப்படித்தான மச்சான் நிக்கும்," என்றார். குரல் இறங்கிவிட்டது. "சோப்புப் போட்டு, புளி போட்டுத் தேச்சு, நல்ல வெயில்ல காயப்போட்டுத்தான் குடுத்தேன்."

தங்கை சின்ன மகளைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னாள். உதட்டின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் புண். "ஆறவே மாட்டேங்குதுண்ணே. சூடுன்னு நெனச்சேன்."

இதனால்தான் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. அப்படியே சொன்னேன். நாளைக்கே அருப்புக்கோட்டையில் டாக்டரிடம் காட்டு, லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போ என்றேன். அதுவரை யாரும் இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, தெருவில் மற்றவர்களும்தான் என்றேன்.

"சொன்னா என்னைய வெட்டிப் போட்ருவாக மச்சான்."

"நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவேன்," என்றாள் தங்கை.

மாப்பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். மறைக்கவில்லை. மருந்து டிரம், நான்தான் தெரியாமக் கொண்டாந்துட்டேன், தண்ணியக் கொட்டிட்டு டிரம்மக் குடுங்க, வேற தாரேன் என்றார்.

யாரும் கோபப்படவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

"ஏலே, புது லோடு வந்திருக்காக்கும்? இத வாங்கிட்டுப் போயி எந்த ஊருக்காரன் தலையில கட்டப் போற?" என்றார் அவர் வயதுக்காரர் ஒருவர்.

மூன்றாவது வீட்டுப் பெரியவர் மூடியைத் தூக்கினார். "பாருப்பா. ஒரு பூச்சி இருக்கா? வெசம்னா பூச்சி செத்து மெதக்கும்ல?"

"அதான் மாமா. பூச்சியே இல்ல," என்றார் மாப்பிள்ளை.

"அதான் நானும் சொல்றேன், பூச்சியே இல்ல!"

தெரு சிரித்தது. மாப்பிள்ளையும் பழக்கத்தில் பாதி சிரித்துவிட்டு நிறுத்தினார். கேட்டவர்கள் எல்லோரும் சரி என்றார்கள். டிரம்மைக் கொடுப்பதில் யாருக்கும் தடை இல்லை. எல்லா வாசலிலும் பதில் ஒன்றுதான்.

"தண்ணி காலியானதும் வந்து எடுத்துக்க."

திரும்பி வந்ததும் மாப்பிள்ளை நேராகத் தன் வாசலுக்குப் போனார். தன் வீட்டு டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்க்கப் பார்த்தார். தங்கையும் தோள் கொடுத்தாள். "நாம கொட்டுறதப் பாத்தாத்தான் நம்புவாக," என்றாள்.

முதல் தண்ணீர் வாசலில் விழுந்தது. மண் உடனே குடித்தது. ஈரத்தைக் கண்டு இரண்டு ஆடுகள் ஓடி வந்தன. தங்கை விறகுக் கட்டையை வீசி விரட்டினாள்.

எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவள் முகத்தில் பயம் வரும் என்று காத்திருந்தேன்.

"அடி கிறுக்கி! நேத்து வந்த தண்ணிய மண்ணுல ஊத்துற?" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினாள். இரண்டு குடத்தோடு வந்து டிரம்மின் வாய்க்குக் கீழே ஒன்றை நீட்டினாள்.

"எக்கா, வேண்டாம். சொன்னேன்ல," என்றார் மாப்பிள்ளை.

"நான் என்ன பச்சத் தண்ணியாவா குடிக்கப் போறேன்? உலைக்குத்தான். கொதிச்சா எல்லாம் செத்துரும்."

"அது கொதிச்சாலும் போகாதுக்கா," என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குடத்தில்தான் கண்.

அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி அண்டாவோடு வந்தாள். பின்னால் இன்னும் இரண்டு பேர். கூட்டம் சேர்ந்ததும் ஒருத்தி, வீணாகச் சிந்துகிறதே என்று டிரம்மை மறுபக்கம் தாங்கி நிமிர்த்தப் பார்த்தாள். மாப்பிள்ளை சாய்க்க, அவள் நிமிர்த்த, டிரம் நடுவில் நின்றது. தங்கை ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்தாள். "எம் பிள்ள வாயப் பாருங்கடி, வாயப் பாருங்க," என்றாள்.

"வெயில் காலத்துல எந்தப் பிள்ளைக்குத்தான் வாய்ப்புண் இல்ல?" என்றாள் குடம் வைத்திருந்தவள். நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றினாள். காலியாக இருந்ததை அடுத்தவளிடம் கொடுத்து, "எனக்கும் சேத்துப் பிடி," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.