எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே குவியல்

1. எட்டாம் வாய்ப்பாடு

அருமனையிலிருந்து திற்பரப்புக்குப் போகும் பாதையில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஓலை மேய்ந்த ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம். சர்க்கார் கொடுக்கும் கிராண்ட் பணத்தில் ஓடுவது. அப்போது எங்களுக்கு சர்க்கார் என்றால் திருவிதாங்கூர் சர்க்கார். நாகர்கோவிலில் டிரெயினிங் முடித்த கையோடு அங்கே ஒண்ணாம் கிளாசுக்கு என்னை எடுத்தார்கள். முதல் நாள் முற்றத்தில் கால் வைக்கும்போதே சத்தம் கேட்டது.

"ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு, மூவெட்டு இருபத்திநாலு..."

ஐந்து வயதும் ஆறு வயதுமான பிள்ளைகள். ஹெட்மாஸ்டர் கம்பால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"கேட்டியளா டீச்சர்? இன்ஸ்பெக்டர் வந்தா இதத்தான் கேப்பாரு. இதக் கெடுத்துப் போடப்பிடாது."

சொல்லி வாய் மூடுமுன் கடைசி வரிசையில் ஒரு பெண் பிள்ளை ஏழெட்டில் நின்றுவிட்டாள். மற்ற பிள்ளைகள் பாயில் இருக்க, அவளும் தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வரும் வேறு சில பிள்ளைகளும் வெறுந்தரையில் இருந்தார்கள். அவளுடைய அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். அவள் பெயர் செல்லத்தாய். ஹெட்மாஸ்டர் அவளைக் கை நீட்டச் சொல்லி, விரல் கணுவில் அடித்தார். அவள் அழவில்லை. கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன்.

"மக்கா, வெளிய புளியமுத்து கெடக்குல்லா? எட்டு எடுத்துட்டு வா."

இரண்டு கையும் நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள்.

"இது எட்டா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எட்டுன்னா எம்புடு டீச்சர்?"

வகுப்பிலேயே நன்றாக வாய்ப்பாடு சொல்கிறவன் தங்கப்பன், பள்ளிக்கூட மானேஜரின் பேரன். அவனையும் அனுப்பிப் பார்த்தேன். அவனும் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தான். எட்டு என்றால் என்ன என்று அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் தெரியாது. தெரியாத பிள்ளையை ஏழெட்டுக்காக அடித்திருக்கிறார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இத்தனை வருஷம் கழித்தும் முழுதாக ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

2. முத்தும் ஈர்க்கிலும்

மறுவாரம் வகுப்பை முற்றத்து மணலுக்குக் கொண்டுபோனேன். எல்லாரும் வட்டமாக இருக்கவேண்டும். நடுவில் ஒரு குவியல். முதலில் கொல்லாங்கொட்டையை, முந்திரிக்கொட்டையைத்தான் வைத்தேன். வீட்டில் எண்ணிப் பார்க்கச் சொல்லி ஆளுக்கு எட்டு கொடுத்து அனுப்பியதில் ஒரு பயல் மறுநாள் வெறுங்கையோடு வந்தான்.

"எட்டும் எங்கலே?"

"சுட்டுத் தின்னுட்டேன் டீச்சர்."

"எட்டுல எட்டு போனா?"

"வயிறு நெறையல்ல டீச்சர்."

அதற்குப் பிறகு மஞ்சாடி முத்துக்கு மாறினேன். சிவப்பாக, பளபளவென்று, தின்ன முடியாமல் இருக்கும். பாதையோரத்து மரத்தடியில் பிள்ளைகளே பொறுக்கி வந்தார்கள். தென்னை ஈர்க்கிலை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக வாழைநாரில் கட்டினோம். கூட்டல், கழித்தல் என்ற வார்த்தைகளை வெகுநாள் நான் எடுக்கவே இல்லை. கொடு, வாங்கு, பங்கு வை, கட்டு, அவிழ் என்பதுதான் பேச்சு. பத்து சேர்ந்தால் ஒரு கட்டு. போதாவிட்டால் ஒரு கட்டை அவிழ். தேங்காய்ச் சிரட்டையில் மணல் அளந்து கலயத்தில் கொட்டி, எத்தனை சிரட்டை பிடிக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்வேன். பந்தயம் கட்டிக்கொண்டு சண்டை போடுவார்கள்.

பாய், தரை என்ற பேச்சு அந்த வட்டத்தில் தானாகவே போய்விட்டது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குவியலில் கை நுழைக்கும் அவசரத்தில் முழங்கையால் இடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் யார் என்று பார்க்க நேரமில்லை.

3. பிஸ்கட் டின்

ஒருநாள் மானேஜர் வந்தார். பள்ளிக்கூடம் நிற்கும் நிலமும் தோட்டமும் அவருடையவை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"டீச்சரே, எனக்க பேரன் கை வைக்க முத்துல தோட்டத்துப் பிள்ளையளும் கை வைக்குன்னு கேட்டேன். உள்ளதாக்குமா?"

"ஒரு குவியல்தான். எல்லாரும் எடுப்பாவ."

"அது பற்றாது, நடக்காது. வீட்டுக்கு வந்து கை கழுவாம அடுக்களைக்க உள்ள ஏறிட்டான். அவனுக்க அம்மை நேத்து சாப்பிடல்ல."

"எல்லாரும் படிக்க வந்த பிள்ளையதானே?"

அவர் சிரித்தார். "படிக்கட்டும். படிக்காண்டாம்னு நான் சொன்னேனா? தள்ளி இருந்து படிக்கட்டும்."

மறுநாள் காலையில் என் மேசைமேல் ஒரு பிஸ்கட் டின்னும் ஒரு பெரிய சிரட்டையும் இருந்தன. ஹெட்மாஸ்டர் முத்தையும் ஈர்க்கிலையும் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்.

"டின்னுல உள்ளது பாயில இருக்க பிள்ளையளுக்கு. செரட்டையில உள்ளது மத்ததுவளுக்கு. கலந்தா வேல போவும், கேட்டியளா?"

சாயங்காலம் பிள்ளைகள் போனதும் டின்னையும் சிரட்டையையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கி, மறுபடி பிரித்துப் போட்டேன். தினமும் அப்படிச் செய்தேன். எந்த முத்து யார் கையில் இருந்தது என்று முத்துக்கும் தெரியவில்லை, மானேஜர் வீட்டு அடுக்களைக்கும் தெரியவில்லை.

ஆனால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. ஒருநாள் செல்லத்தாய்க்கு ஒரு முத்து குறைந்தது. தங்கப்பனிடம் கை நீட்டினாள். முந்தின மாதம் அவள் கையைப் பிடித்து இழுத்து முத்தைப் பிடுங்கியவன் அவன். இப்போது கையை உயரத் தூக்கி, மேலிருந்து முத்தைப் போட்டான். விரல் படக்கூடாதாம். அவளும் இரண்டு கையையும் கிண்ணம்போல் தாழ்த்தி வைத்து வாங்கிக்கொண்டாள். அந்த ஏற்பாட்டை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு டின்னும் ஒரு சிரட்டையும் சொல்லிக்கொடுத்தன. எட்டு என்றால் எவ்வளவு என்று தெரிய மாதக்கணக்கு ஆன பிள்ளைகளுக்கு, இது தெரிய ஒரு வாரம் போதுமாயிருந்தது.

4. இன்ஸ்பெக்ஷன்

இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் செல்லத்தாய் என்னிடம் வந்து, "நாங்க நாளைக்கு வரண்டாம்னு சார் சொன்னாவ, டீச்சர்" என்றாள். லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஹெட்மாஸ்டரின் அதே உத்தரவு. வாய்ப்பாட்டில் திக்குகிறவர்களாம், பள்ளிக்கூடத்துக்குப் பேர் கெடுமாம்.

விடிந்ததும் நான் லயத்துக்குப் போனேன். செல்லத்தாயின் அம்மா வாரியலால் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையை அனுப்பச் சொன்னேன். அவள் வாரியலைக் கீழே வைக்கவில்லை.

"சாரு வரண்டாம்னு சொல்லுதாவ. நீங்க வாங்கோன்னு சொல்லுதீய. அடி யாருக்கு விழும் டீச்சர்? உங்களுக்கா, எம்பிள்ளைக்கா?"

அவள் சொன்னது சரி என்று திரும்பியிருப்பேன். அதற்குள் உள்ளே இருந்து செல்லத்தாய் எட்டிப் பார்த்து, "எனக்குக் கட்டு அவுக்கத் தெரியும்மா. நான் போறேன்" என்றாள். அந்த அம்மா வாரியலைக் கீழே வைத்தாள். பிறகு எண்ணெய் தேய்த்துத் தலை சீவி அனுப்பினாள். அவளைப் பார்த்து மற்ற வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார். வாய்ப்பாடு கேட்டார். வகுப்பு பாடியது. தலையாட்டினார். பிறகு டின்னையும் சிரட்டையையும் கண்டு, "இதென்ன, பல்லாங்குழியா?" என்று சிரித்தார். ஹெட்மாஸ்டரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "ஒரு கணக்குக் கேளுங்க சார்" என்றேன்.

"நாற்பத்துமூணுல பதினேழு போனா?"

வாய்ப்பாட்டில் இல்லாத கேள்வி. பாயில் இருந்தவர்கள் முழித்தார்கள். செல்லத்தாய் சிரட்டையிலிருந்து மூன்று கட்டு ஈர்க்கிலும் மூன்று ஒற்றை ஈர்க்கிலும் எடுத்து முன்னால் வைத்தாள். இன்னொரு கட்டு வேண்டும். சிரட்டையில் இல்லை. டின்னில் இருந்தது. அவள் கணக்கில் மூழ்கியிருந்தாள். வேறொன்றும் அவளுக்கு ஞாபகமில்லை. டின்னுக்குள் கை விட்டாள்.

"ஏட்டி!" என்று ஹெட்மாஸ்டர் கத்தினார். கம்பு அவள் புறங்கையில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை ஓங்கும்போது நான் அந்தக் கம்பைப் பிடித்துப் பிடுங்கி முற்றத்தில் வீசினேன்.

தங்கப்பன் பாயை விட்டு எழுந்து, டின்னைத் தரையோடு தள்ளிக்கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தான்.

"எடுத்துக்கோட்டி" என்றான்.

அவள் ஒரு கட்டை எடுத்தாள். அடிபட்ட கையால் முடியாமல் பல்லால் நாரை அவிழ்த்தாள். ஒரு முழுக் கட்டையும் ஏழு ஈர்க்கிலையும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை எண்ணி, "இருபத்தாறு" என்றாள்.

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார். "மேலாள் கையிலிருந்து கம்பைப் பிடுங்கணும்னு டிரெயினிங்கில் சொல்லிக்கொடுத்தாங்களா?"

"பிள்ள சொன்னது சரியா தப்பா, சார்? அத மொதல்ல சொல்லுங்க."

"கொட்டையையும் குச்சியையும் எண்ணிச் சொல்றது கணக்கு இல்லம்மா. மனசிலே வரணும்."

பிள்ளையின் கை வீங்கிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து அடுத்த கிளாசுக்குப் போனார்.

5. லயத்து அம்மாக்கள்

அந்த மாதத்தோடு என் வேலை போனது. நெய்யூருக்கு அப்பால் வேறொரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. பிறகு நடந்ததை எனக்குச் சொன்னவர் பழைய பள்ளிக்கூடத்தின் மூன்றாம் கிளாஸ் டீச்சர். நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க வந்தவர் என்னைத் தேடி வந்து சொன்னார்.

இன்ஸ்பெக்ஷன் முடிந்த மறுநாள் முதல் லயத்திலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, அம்மாக்களே நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் கிராண்டும் குறையும். மானேஜர் ஹெட்மாஸ்டரை லயத்துக்கு அனுப்பினார். கம்பில்லாமல் போனாராம்.

செல்லத்தாயின் அம்மா நேராகவே சொல்லியிருக்கிறாள். "எங்க பிள்ளைய வேணும்னா பாயிலே இருத்துங்க. எல்லாரும் இருக்க பாயில. இல்லன்னா உங்க பள்ளிக்கூடத்துல ஓலை மட்டும் இருக்கட்டும்."

இரண்டாம் மாதம் பாயில் இருத்தினார்கள். செல்லத்தாய் அங்கேயே ஐந்தாம் கிளாஸ் வரை படித்தாள். நான் கம்பைப் பிடுங்கி எறிந்ததால் நடக்காத காரியம் அந்த அம்மாக்கள் வீட்டில் இருந்ததால் நடந்தது. ஆனால் முத்தையும் ஈர்க்கிலையும் ஹெட்மாஸ்டர் அடுப்பில் போட்டுவிட்டார். ஒரே பாய் என்று ஆன பிறகு எல்லாரும் தொடுகிற பொருள் ஒன்று நடுவில் இருக்கக்கூடாது என்று மானேஜர் சொன்னாராம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்து மறுபடி ஓரெட்டு எட்டு பாடினார்கள். அதைக் கேட்டு நான் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? அன்று இரண்டும் செய்தேன்.

6. புதிதாக வருகிறவர்களுக்கு

முத்து வைத்துச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று இளம் ஆசிரியர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அதில் வித்தை ஒன்றும் இல்லை. ஒரு வாரத்தில் பழகிவிடும். பிள்ளையின் கை அந்தப் பொருளைத் தொட விடுகிறோமா என்பதுதான் முதல் கேள்வி. எந்தப் பிள்ளையின் கை என்பது இரண்டாவது கேள்வி. இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாமல் வேறு எதைச் செய்தாலும் அது இன்ஸ்பெக்டருக்குக் காட்டுகிற வேடிக்கைதான்.

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சர்க்காரே மரத்தில் செய்த எண் கட்டைகளைப் பெட்டியோடு கொடுத்திருக்கிறது. வர்ணம் பூசிய அழகான கட்டைகள். அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் ஒட்டிய காகிதம்கூடக் கிழிபடவில்லை. பிள்ளைகள் தரையில் இருந்து கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் எடுக்கல்ல?" என்று கேட்டேன்.

"பிள்ளைய கையில குடுத்தா தொலஞ்சி போவும் டீச்சர்" என்றாள் அந்த வகுப்பு டீச்சர், சின்னப் பெண்.

"தொலையட்டும்" என்றேன். "தெறந்து குடு."