பழைய கவரில் இருந்த எண்

எக்ஸ்ரே படம் போடும் பழுப்பு நிறக் கவர் ஒன்று என் வீட்டு பீரோவில் கிடக்கிறது. மூலையில் சிவப்புப் பென்சிலால் ‘2’ என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறது. அந்த வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுதியவர் பெரிய டாக்டர். கடலூரில் அவருடைய எக்ஸ்ரே நிலையத்தில் படம் எடுப்பவனாகப் பதினோரு வருடம் இருந்தேன். முட்டித் தேய்மானத்துக்கு ஒன்றிலிருந்து நான்கு வரை கிரேடு போடுவது அவர் வேலை. லேசான தேய்மானம் என்றால் ஒன்று, எலும்போடு எலும்பு உரசினால் நான்கு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் யாருக்கும் கண் தடுமாறும். ஒரே படம் வேறொரு நாள் வேறு மாதிரித் தெரியும். நல்ல டாக்டர்கள் அதை ஒப்புக்கொள்வார்கள். இவர் மாட்டார். “எங்கண்ணு தராசு மாதிரி. எத்தினி வருஷம் கழிச்சிக் காட்டுனாலும் அதே கிரேடுதான்” என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அந்தத் தராசின் சூட்சுமம் எனக்குத் தெரியும். ஒருமுறை வந்தவர் மறுபடி வந்தால், புதுப் படத்தையும் பழைய கவரிலேயே போட்டுத் தரவேண்டும் என்பது எனக்கு உத்தரவு. அவர் கவரின் மூலையைப் பார்ப்பார், அதே எண்ணை ரிப்போர்ட்டில் எழுதுவார். படம் வெளிச்சப் பெட்டியில் ஒப்புக்குத் தொங்கும்.

மேல்பட்டாம்பாக்கத்தில் சத்துணவு சமைக்கும் அம்மா ஒருவர் மூன்று வருடத்தில் மூன்று முறை வந்தார். முதல் படத்துக்கு இரண்டு சரிதான். மூன்றாவது படத்தில் எலும்புக்கு நடுவில் இடைவெளியே இல்லை, எனக்கே தெரிந்தது. நான்கு என்று எழுதி வந்தால் ஆபரேஷனுக்குப் பேர் பதிவதாகச் சிதம்பரத்தில் எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். பெரிய டாக்டர் கவரின் மூலையைப் பார்த்து இரண்டு என்று எழுதினார். “நிக்கவே முடியல சார். சோறு வடிக்கச்சொல்ல சுவத்தப் புடிச்சிக்கினு நிக்கிறேன்” என்றார் அந்த அம்மா. “வயசானா வலிக்கத்தாம்மா செய்யும்” என்றார் இவர். வாசலில் அந்த அம்மா கவரை என் கையில் கொடுத்தார். “வலிதான் ஏறுது, நம்பர் ஏறலியே தம்பி. இத எடுத்துக்கினு போயி என்னா பண்றது, நீயே வெச்சிக்க.” அந்த வருடமே நிற்க முடியாமல் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது நான் சிதம்பரத்தில் வேறொரு நிலையத்தில் இருக்கிறேன். போன மாதம் பெரிய டாக்டர் தன் மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டு வந்தார். கையில் பழைய கவர். மூலையில் தனக்குத் தானே போட்டுக்கொண்ட ‘1’. முட்டியைப் படம் எடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் அந்தக் கவருக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

“இது வாணாம்ப்பா. புதுக் கவர்ல போட்டுக் குடு. பாக்குற டாக்டரு படத்தப் பாக்கட்டும்.”

அத்தனை வருடமும் தெரிந்தேதான் செய்திருக்கிறார் மனிதர். காறித் துப்பலாம் போலிருந்தது. புதுக் கவரில் போட்டுக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். இரண்டு என்று எழுதியவர் அவர்; அந்த அம்மாவின் படத்தை இந்தக் கவரில் போட்டவன் நான். புதுக் கவர் அன்றைக்கும் அந்த நிலையத்தில் என் அலமாரியில் கட்டுக் கட்டாக இருந்தது.