இருபது தப்படி

விடியற்காலையில் கருவாட்டுப் பாய்களை விரித்து முடித்ததும் இடுப்பில் செருகிய நோட்டை உருவுவாள். தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று மணியோடு குறித்தாக வேண்டும். பேனா மூடி பல்லிடுக்கில் இருக்கும். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் "ம்" மட்டும்தான் பதில். கூப்பிடுகிறவன் புருஷனாக இருந்தால் அதுவும் கிடையாது.

கரையில் அவளுக்குப் 'பேப்பர்காரி' என்று பெயர். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். இப்போதெல்லாம் அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தணித்துக்கொள்கிறார்கள்.

போன வருஷம் ஒரு குழு வந்தது. கடலோர ஜனங்களே தங்கள் பிழைப்பையும் மாறிவரும் கடலையும் பற்றிச் செய்தி எழுத வேண்டும் என்று ஏலக் கொட்டகையில் வகுப்பு நடத்தியது. மாதம் ஒருமுறை நாலு பக்கம் அச்சாகும். வகுப்பெடுத்த கண்ணாடிக்கார அம்மா முதல் நாளே, "செய்தின்னா என்ன?" என்று கேட்டார்.

"எங்க தெருவுல எவளாவது வாய மூடிக்கிட்டு இருந்தா, அதுதான் செய்தி" என்றாள் இவள். கொட்டகையே சிரித்தது.

ஆறாவதோடு நின்ற படிப்பு. எழுத்து ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு இருக்கும். ஆனால் வகுப்பில் சொன்ன ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்: கேட்டதை எழுதாதே, அளந்ததை எழுது.

அங்கேதான் சறுக்கினாள். கடல் உள்ளே வருகிறது என்று தெருவே புலம்பிக்கொண்டிருந்தது. இவள் போய்க் காலால் எட்டு வைத்து அளந்தாள். படகுகளைக் கட்டும் கட்டையிலிருந்து தண்ணீர்வரை இருபது தப்படி. அவள் கல்யாணமாகி வந்த வருஷமும் அதே இருபதுதான். கரையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 'கடல் நகரவில்லை' என்று முதல் பக்கத்தில் பெரிதாக எழுதினாள்.

கடலைத் தடுக்க எங்கெங்கே அரசு சுவர் கட்டும் என்ற பட்டியல் அடுத்த மாதம் வந்தது. அதில் அவள் தெருவின் இருபத்தேழு வீடுகளும் இல்லை. கேட்கப் போனவர்களிடம் அதிகாரி அவளுடைய பேப்பரையே எடுத்து நீட்டினார். "உங்க ஆளே எழுதியிருக்காங்களே!"

வலை தைத்துக்கொண்டிருந்த புருஷன் தலை நிமிராமல் சொன்னான்: "கட்டையத்தான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ பிடுங்கி உள்ள தள்ளி நடுறோமே."

"இத ஏன்யா முன்னாடியே சொல்லல?"

"போன தடவ கடப்பாரைய எடுத்துக் குடுத்ததே நீதானடி. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவளுக்குக் காது சுட்டது. படகுக்கு அந்த இருபது தப்படி வேண்டும். கடல் வர வர கட்டையும் பின்னால் போகும். மூச்சு விடுகிற மாதிரி செய்துவரும் வேலை. அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

மறுநாள் தண்ணீர் வற்றிய நேரத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலில் இறங்கினாள். கட்டையைப் பிடுங்கினாலும் அதற்கு முட்டுக்கொடுத்த கற்களை யாரும் எடுப்பதில்லை. வட்டமாக அங்கேயே கிடக்கும். காலாலேயே துழாவினாள். நாலு வட்டம் அகப்பட்டது. நாலாவதில் தண்ணீர் இடுப்புக்கு மேல். அங்கிருந்து இன்றைய கட்டைவரை எண்ணிக்கொண்டே நடந்தாள். எழுபத்து மூன்று தப்படி.

புருஷனின் அண்ணன்தான் மீனவர் சங்கத் தலைவர். விஷயம் தெரிந்து ஓடி வந்தார். "தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்டா நாளைக்கு எவன் நம்மள நம்புவான்? பேசாம விடும்மா."

கண்ணாடிக்கார அம்மா, "கடைசிப் பக்கத்துல சின்னதா ஒரு திருத்தம் போட்டுடலாம்" என்றார்.

"தப்பு முதப் பக்கத்துல கால நீட்டிப் படுத்திருந்துச்சு. திருத்தம் மட்டும் மூலையில குந்தணுமா?" என்றாள். அண்ணன் பக்கம் திரும்பி, "இருபத்தேழு வீடு போச்சு மாமா. என் மானம் போனா போவுது" என்றாள்.

முதல் பக்கத்திலேயே வந்தது: 'நான் எழுதியது தப்பு. நாங்கள் கட்டையை நகர்த்திக்கொண்டே இருந்தோம். கடல் எழுபத்து மூன்று தப்படி உள்ளே வந்திருக்கிறது.' கீழே அவள் முழுப் பெயர். ஒரு தாளைக் கருவாட்டுக் கையோடு கொண்டுபோய் அந்த அதிகாரியின் அலுவலகக் கதவில் ஒட்டினாள். மூன்று நாள் நாற்றம் போகவில்லை என்று பியூன் சொல்லித் திரிந்தான். 'நேரில் வந்து பார்க்கிறோம்' என்று பதில் வந்தது. தேதி இல்லை.

அதற்குள் மழைக்காலக் கொந்தளிப்பில் தண்ணீர் கட்டைக்கு இரண்டு தப்படியில் வந்து நின்றது. ஆண்கள் கடப்பாரையோடு வந்தபோது அவள் கட்டையில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிடி, படகு போயிடும்" என்றான் புருஷன்.

"படக மேல ஏத்தி நம்ம வீட்டுத் தூண்ல கட்டு. அந்த ஆபீசர் கண்ணால பாக்காம இத ஒருத்தன் தொடக் கூடாது."

"அவன் எப்ப வருவானோ?"

"வர்ற வரைக்கும் எனக்கு வேற என்ன சோலி?"

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கடலைப் பார்த்தார். புருஷன் கடப்பாரையை மணலில் போட்டுவிட்டுப் படகுக் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

ஒரு அலை வந்து அவளை மடிவரை நனைத்தது. நோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பேனா மூடியைப் பல்லால் இழுத்து, "மணி என்னய்யா?" என்று கேட்டாள்.