பக்கத்துக் கட்டம்

எங்கள் கண் மருத்துவமனையின் பதிவு அறையில் அந்த அக்காவுக்கு ‘நிதானம்’ என்று பேர். வைத்தவள் நான்தான். ஒரு வரி தட்டச்சு செய்துவிட்டு அதை உதட்டசைத்து இரண்டு முறை படித்துப் பார்ப்பார். அவர் ஒரு பக்கம் முடிப்பதற்குள் நான் இரண்டு தடவை டீ குடித்துவிட்டு வந்திருப்பேன்.

இருபத்திரண்டு வருட வேலை. சீட்டு கொடுக்கும் ஜன்னலில் ஆரம்பித்து, ஜன்னலே இல்லாத இந்த அறைக்கு வந்து சேர்ந்திருந்தார். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநராக இருந்தவர். இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டை யாராவது ஊட்டிவிட வேண்டும். கீழ்வீட்டு அம்மா அதைச் செய்துகொண்டிருந்தார். அவரும் வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டோடு போகிறார். அதனால் அக்கா காலை ஆறு மணி ஷிப்ட் கேட்டிருந்தார். கிடைத்தால் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த லிஸ்டை முடிச்சுக் குடுங்க, ஷிப்டை மாத்திக் கையெழுத்துப் போட்டுடறேன்” என்றார் மேனேஜர்.

அந்த லிஸ்ட் இரண்டாயிரத்து நானூறு நோயாளிகளின் லிஸ்ட். எக்செல் தாளின் முதல் கட்டத்தில் பெயர், வீட்டு எண், தெரு, ஊர் எல்லாம் கமா போட்டு ஒன்றாக அடைந்து கிடந்தன. இரண்டாம் கட்டத்தில் போன் நம்பர். அந்த நம்பர்கள் பழைய அட்டைகளில் மட்டும்தான் இருந்தன. பேனா மை வெளிறிப்போன அட்டைகள். மூன்று வாரமாக ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அக்காதான் ஏற்றினார். மிச்சமிருந்தது அடைந்து கிடந்ததைப் பிரித்துத் தனித்தனிக் கட்டத்தில் போடுவது மட்டுமே.

வியாழக்கிழமை மத்தியானம் எட்டிப் பார்த்தேன். போன் நம்பரைத் தாண்டி வெறுமையாக இருந்த கட்டங்களுக்கு ஒவ்வொரு துண்டாக வெட்டிக்கொண்டுபோய் ஒட்டிக்கொண்டிருந்தார். பெயரை வெட்டு, ஒட்டு. தெருவை வெட்டு, ஒட்டு. எனக்குத் தலை சுற்றியது.

“என்னக்கா இது, கையால பண்றீங்க? கமாவை வச்சு அதுவே பிரிச்சுக் குடுத்துடுமே. ஒரு நிமிஷம்.”

“வேணாம்மா. நானே மெதுவா பண்ணிக்கறேன்.”

“மெதுவான்னா எப்ப முடியறது? நகருங்க.”

அவர் நகர்ந்தார். களைத்துப்போனவர்கள் அப்படித்தான், இரண்டாம் தடவை மறுக்கமாட்டார்கள். முதல் கட்டத்தை மேலிருந்து கீழ்வரை தேர்ந்தெடுத்து, கமா என்று சொல்லி, முடி என்று அழுத்தினேன். ஏதோ ஒரு பெட்டி வந்து கேள்வி கேட்டது. இந்த வேலையில் யார் பெட்டியைப் படிக்கிறார்கள்? ‘சரி’ என்று தட்டினேன். பெயர் ஒரு கட்டம், எண் ஒரு கட்டம், தெரு, ஊர் என்று கண் இமைப்பதற்குள் பிரிந்து நின்றது. சேவ் செய்து, மூடி, மேனேஜருக்கும் அனுப்பிவிட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “போன் நம்பர் எங்கம்மா?”

பிரிந்த துண்டுகளுக்கு இடம் வேண்டுமே. பக்கத்துக் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. அங்கே இருந்த நம்பர்களை அழித்துவிட்டுத்தான் உட்கார்ந்தன. ‘ஏற்கெனவே இங்கே இருப்பது போய்விடும், பரவாயில்லையா?’ என்றுதான் அந்தப் பெட்டி கேட்டிருக்கிறது. நகல் எடுத்து வைக்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

“நான்தான் சார் பண்ணேன். அக்கா வேணாம்னுதான் சொன்னாங்க” என்றேன். “யார் பண்ணா என்ன, லிஸ்ட் முடியலையே. முடிங்க, அன்னைக்கே கையெழுத்து” என்றார். அக்கா எழுந்துபோய் அட்டைப் பெட்டிகளைத் திரும்ப இறக்கினார்.

திங்கட்கிழமையிலிருந்து என் வேலையையும் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். நான் அட்டையைப் படிப்பேன், அவர் ஏற்றுவார். வீட்டுக்காரருக்கு மடியில் சாப்பாட்டு டப்பாவையும் இடது கையில் ஸ்பூனையும் கொடுத்துவிட்டு வந்திருப்பார். தினமும் பன்னிரண்டரைக்குப் போன் செய்வார். அந்தப் பக்கம் வீட்டுக்காரர் எடுப்பார், பேச முடியாது. ஆமாம் என்றால் ரிசீவரில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு.

நான்காம் நாள் நான் பக்கத்திலேயே இருந்தேன்.

“சாப்டீங்களா?” என்றார் அக்கா. கொஞ்ச நேரம் கேட்டார். “கொட்டிடுச்சா? சரி, பரவால்ல. கீழ கிடக்கட்டும், குனியாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன். பிஸ்கட் எட்டுதா?” மறுபடியும் காதுகொடுத்துக் கேட்டார். அங்கே விழுந்த இரண்டு தட்டும் எனக்கே கேட்டன.

போனை வைத்துவிட்டு, “அடுத்த நம்பரைச் சொல்லு” என்றார். நான் அட்டையைப் பிடித்தபடி அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையை அவரே வாங்கிப் பார்த்துத் தட்டினார். அந்த மனுஷன் பசியோடு உட்கார்ந்திருந்தது என்னால்தான். இதை எப்படிச் சுற்றிச் சொன்னாலும் அதுதான் உண்மை.

சனிக்கிழமை முடிந்தது. மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மாடிப்படியில் அக்காவை நிறுத்தினேன்.

“என்மேல கோவம் இருந்தா திட்டிடுங்கக்கா.”

“திட்டணும்னுதான் தினமும் நெனச்சுட்டுப் போவேன்” என்றார். “வீட்டுக்குப் போய் அவரைத் துடைச்சு, தரையைத் துடைச்சு முடிக்கறதுக்குள்ள தூக்கம் வந்துடுதும்மா.”

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.