என்ன நோயென்று மட்டும் சொல், ஆத்தா

என் கணவர் பதிமூன்று வருடம் கடலுக்கு அடியில் வேலை பார்த்தவர். ஆழத்தில் இறங்கி எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் வைப்பார். வேலையை விட்டுச் சொந்த ஊரான வெம்பக்கோட்டைக்கு வந்த மறுவருடம் தோள்வலி தொடங்கியது.

முதலில் இடது தோள். பிறகு வலதும். சட்டை மாட்ட முடியாது. நான்தான் தலை துவட்டிவிடுவேன். கழுத்துத் தேய்மானம் என்று நாலு வருடம் ஊசி போட்டார்கள். வேறு வழியில்லாமல் அந்த வலியோடே பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றப் போனார். முதல் பெட்டியிலேயே கை விட்டுப்போனது.

"கடல்ல சம்பாதிச்சவனுக்கு இங்கன உடம்பு வளையலயோ?" என்றார் அவருடைய அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து இவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். எனக்குப் பயமாக இருந்தது.

ஆடி வெள்ளியன்று மாரியம்மன் முன்னால் நின்றேன். குணமாக்கு என்று கேட்க வாய் வரவில்லை. நம்பிக்கை அவ்வளவு செத்திருந்தது. "ஆத்தா, இது என்ன நோயின்னு யாராச்சும் சொல்லட்டும். அம்புட்டுப் போதும்" என்று அழுதேன்.

அடுத்த திங்கட்கிழமை விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எப்போதும் பார்க்கும் டாக்டர் வரவில்லை. வேறொரு பெண் டாக்டர் இருந்தார்.

"இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீக?" என்று கேட்டார்.

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. இவர் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஸ்கேன் எடுத்தார்கள்.

"ஆழத்துல இருந்து மேல வர்றப்ப ரத்தத்துல காத்துக் குமிழி உண்டாகும்மா. எலும்புக்குப் போற ரத்தத்த அடைச்சிரும். வலி தெரிய வருசக்கணக்காகும். இடது தோள் எலும்பு செத்து நொறுங்கிருச்சு. வலது இன்னும் நொறுங்கல."

இவர் குழந்தை மாதிரி அழுதார். "நான் நடிக்கலன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, புள்ள?" என்றார்.

மதுரையில் இடது தோள் மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தார்கள். வலது எலும்பில் துளையிட்டு உள்ளே இருந்த அழுத்தத்தைக் குறைத்தார்கள். அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். "மன்னிச்சிருலே" என்று மட்டும் சொன்னார்.

முழுக் குணம் இல்லை. இடது கை தோளுக்கு மேல் போகாது. இனி பாரம் தூக்கக் கூடாது. லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது. தன்னோடு கடலில் இறங்கிய ஆட்களுக்கெல்லாம் போன் போட்டார். ஒருவருக்கு வலி இப்போதுதான் ஆரம்பமாம். உடனே போய் ஸ்கேன் எடுத்துவிட்டார்.

நான் கேட்டதை ஆத்தா கொடுத்தாள். பெரிதாகக் கேட்கத் தெம்பில்லாத நாளில், சின்னதாகவாவது அவளிடம் கேளுங்கள். வலது தோள் தாங்குமா என்பது இன்னும் தெரியாது. அதற்காக வெள்ளிதோறும் போய் நிற்கிறேன். உங்கள் வேண்டுதலில் அவரையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.